கூரைத் தகடும் மின்சாரக் கந்தோரும்

சண்டை நிறுத்தம் வந்து வன்னிக்குப் பாதை திறந்த அடுத்த வருடம் நாங்கள் வவுனியாவுக்குப் போய் ஒரு சோலர் தகடு வாங்கினோம். அதுவரை முள்ளியவளையில் எங்கள் வீட்டில் எரிந்தது ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், மூடியில் துளைபோட்டு ஒரு திரி. மண்ணெண்ணெய் வரவிடாமல் தடுத்திருந்த வருடங்களில் வன்னியில் எல்லா வீடுகளிலும் அதுதான். தடை போன பிறகு அரிக்கன் லாம்பு வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை, பழகிவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குக் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பின்னேரங்களில் கொப்பி திருத்திவிட்டுக் காலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும்.

என் கணவர் கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளர். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தபோது இங்கே அவருக்குக் கிடைத்த வேலை அது. பிறகு அதிலேயே நின்றுவிட்டார். கூட்டம் என்றால் குறித்த நேரத்துக்குப் போய் வெறும் கதிரைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் ஆள். சங்கத்து நிறுவைத் தராசை வாரம் ஒருமுறை தானே துடைத்துச் சரிபார்ப்பார். நாங்கள் இரண்டு பேரும்தான். பிள்ளைகள் இல்லை.

தகடு விற்ற கொம்பனிக்காரர்தான் மானியத்தைப் பற்றிச் சொன்னார். கறண்ட் லைன் போகாத ஊர்களில் வீட்டுக்குச் சோலர் பூட்டினால், விலையில் ஒரு பகுதியை மின்சாரக் கந்தோர் திருப்பித் தரும். அவ்வளவு தூரத்துக்கு வயர் இழுக்கிற செலவு அவர்களுக்கு மிச்சம், அதனால் தருகிறார்கள் என்று விளங்கப்படுத்தினார். நான் காது கொடுக்கவில்லை. எங்கள் பக்கத்துக்கு அரசாங்கக் கந்தோர் ஒன்று பணம் அனுப்பும் என்பது கதைக்கிற விஷயமாக எனக்குப் படவில்லை. என் கணவர் மூன்று தரம் திருப்பிக் கேட்டார். கடையை விட்டு வெளியே வந்ததும், "இது எங்களுக்கு உரியது. பிச்சை இல்லை. சட்டத்தில இருக்கு," என்றார்.

அந்த வருடங்களில் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் யாராவது இரக்கப்பட்டுத் தந்ததாகவோ, யாராவது அனுமதித்ததாகவோ இருந்தது. தறப்பாள், மா, சீனி, பாஸ், எல்லாமே. சட்டத்தில் இருப்பதால் கிடைக்கிற ஒரு பொருளை அவர் நீண்டகாலமாகக் கண்டதில்லை. அதை அவர் ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை. நான்தான் பிறகு இப்படி விளங்கிக்கொண்டேன்.

தகட்டைக் கொண்டுவந்தது ஒரு நாள் வேலை. ஓமந்தைச் சாவடியில் பெட்டியைப் பிரிக்கச் சொன்னார்கள். ஒரு ஆமிக்காரர் தகட்டை வெளியே எடுத்து நிமிர்த்திப் பிடித்து, அதில் தன் முகத்தைப் பார்த்துத் தலையைச் சரிசெய்துவிட்டு, திரும்ப உள்ளே வைத்தார். பற்றறியைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்கள். சில வருடங்களுக்கு முன் ரோர்ச் பற்றறிகூடக் கொண்டுபோக விடாத இடம் அது. புளியங்குளத்துச் சாவடியில் மற்றப் பக்கத்தாரான இயக்கத்துக்காரர் அதே பெட்டியை மறுபடி பிரித்தார்கள். மாங்குளத்தில் பஸ் மாறி, ஒட்டுசுட்டான் றோட்டில் குலுங்கிக் குலுங்கி வீடு வந்து சேரும்போது நான் தகட்டை மடியில் வைத்திருந்தேன். இரண்டு தொடையும் கன்றிப்போயிருந்தன.

கூரையில் பூட்டுவதற்கு ஆணி, தகட்டைப் பிடிக்கிற இரும்புப் பட்டம், வயர் எல்லாம் தண்ணீரூற்றுச் சந்தியில் இரும்புக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியிடம், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவரிடம், வாங்கினோம். முஸ்லிம் ஆட்களை இங்கிருந்து வெளியேற்றியபோது அவர் குடும்பத்தோடு புத்தளத்துக்குப் போனவர். பாதை திறந்ததும் தனியாகத் திரும்பி வந்து, கூரையில்லாத தன் பழைய கடைக்கு முன்னால் தகரக் கொட்டில் ஒன்று போட்டு வியாபாரம் தொடங்கியிருந்தார். மனைவி பிள்ளைகள் புத்தளத்தில்தான். "பள்ளிக்கூடம் திறக்கட்டும், ஆஸ்பத்திரி சரிவரட்டும், பிறகு கூப்பிடுறன்," என்பார். புத்தளத்தில் பன்னிரண்டு வருடம் இருந்ததில் சிங்களம் எழுத வாசிக்கப் பழகியிருந்தார். அதனால்தான் அவர் இந்தக் கதைக்குள் வருகிறார். எங்களுக்கு வந்த கடிதங்கள் எல்லாம் சிங்களத்தில் வந்தன.

முதல் நாள் பின்னேரம் ரியூப் லைற்றைப் போட்டபோது எங்கள் வீட்டுச் சுவர் எவ்வளவு கரி என்று தெரிந்தது. அடுத்த நாள் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தோம்.

விண்ணப்பத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்க நாங்கள் மறுபடி வவுனியாவுக்குப் போனோம். மின்சாரக் கந்தோரில் மேசைக்குப் பின்னால் ஒரு பிள்ளை இருந்தாள். வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். மரியாதையாகத்தான் கதைத்தாள். எல்லாவற்றையும் வாசித்துவிட்டு நிமிர்ந்து, "ஐயா, உங்கட வீட்டுப் பக்கம் கறண்ட் கம்பம் ஏதும் நிக்குதோ?" என்று கேட்டாள்.

"ஓம், நிக்குது," என்றார் என் கணவர். "படலைக்குப் பக்கத்திலயே ஒண்டு நிக்குது."

அவள் பேனாவை வைத்துவிட்டாள். "அப்ப அது லைன் உள்ள இடம். லைன் உள்ள இடத்துக்கு மானியம் இல்லை, ஐயா."

"வயர் இல்லைப் பிள்ளை. சண்டை தொடங்கின காலத்தில போன வயர். கம்பம் மட்டும்தான்."

"கம்பம் இருந்தா லைன் இருக்கெண்டுதான் இஞ்ச பதிஞ்சிருப்பினம்."

அவர் சொன்னது முழு உண்மை. எண்பதுகளில் முள்ளியவளைக்குக் கறண்ட் வந்திருந்தது. பிறகு நின்றுபோனது. வயர்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. எங்கள் வாசல் படலையடிக் கம்பத்தில் நான் பாகல் கொடி ஏற்றியிருந்தேன். நன்றாகக் காய்த்தது.

வெளியே வந்து தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்ததும் நான் கேட்டேன்: "நீங்கள் இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே?"

"நிக்கிறதை எப்பிடி இல்லையெண்டு சொல்லுறது?"

"அவையளுக்குத் தெரியவே போகுது?"

"எனக்குத் தெரியுமே," என்றார். வடையைப் பிய்த்து எனக்குப் பாதி வைத்துவிட்டுத் தன் பாதியைத் தின்னத் தொடங்கினார்.

கம்பம் இருக்கிறது, வயர் இல்லை என்று கிராம சேவகரான விதானையார் உறுதிப்படுத்தித் தந்தால் பார்க்கலாம் என்று அந்தப் பிள்ளை கடைசியில் சொல்லியிருந்தாள். விதானையார் நல்ல மனிதர். எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வந்துபோகிறவர், கம்பத்தைக் கடந்துதான் வந்துபோகிறவர். ஆனாலும் என் கணவர் அவரை முறைப்படி வந்து பார்க்கச் சொன்னார். இரண்டு பேரும் றோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, என்ன பறக்குது என்று தானும் அண்ணாந்து பார்த்தார்.

"வயர் இல்லைத்தான்," என்றார் விதானையார்.

"அடுத்த கம்பத்தையும் பாருங்கோ."

அடுத்த கம்பத்தையும் பார்த்தார்கள். அதற்கடுத்தது விழுந்து கிடந்தது. அதையும் பார்த்தார்கள். வீட்டுக்குத் திரும்பி வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு விதானையார் கடிதத்தை எழுதிக் கொடுத்தார். "மனேச்சர், இல்லாத ஒண்டுக்கு இவ்வளவு கவனமா நான் வாழ்க்கையில ஒருக்காலும் சாட்சி சொன்னதில்லை," என்று சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை. பிரதி எடுக்கப் போய்விட்டார்.

சில மாதம் கழித்துப் பதில் வந்தது. நானா கடைக் கொட்டிலில் நின்று வாசித்துச் சொன்னார். "விண்ணப்பத்த ஏத்துக்கிட்டாங்க. உத்தியோகத்தர் ஒருத்தர் வந்து பார்ப்பார். அவர் வந்து பார்க்கும் வரைக்கும் தகட்டப் பூட்டின இடத்தில இருந்து கழட்டக் கூடாது." நிறுத்தி, கடைசி வரியை இன்னொருதரம் வாசித்தார். "ஓம். கழட்டக் கூடாதெண்டுதான் போட்டிருக்கு."

"கழட்டிறதுக்கு எங்களுக்கென்ன விசரே," என்றார் என் கணவர்.

உத்தியோகத்தர் வரவில்லை. ஒரு வருடம் ஓடி அடுத்த மாரியும் தொடங்கியது. மழை இருட்டில் பற்றறி முழுதாக ஏறவில்லை, லைற் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே மங்கிவிடும். ஆனாலும் எனக்குப் பழகிவிட்டது. கொப்பி திருத்துகிற நேரத்தை அதற்கேற்றபடி முன்னுக்கு எடுத்துக்கொண்டேன்.

மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு அடுத்த நாள் காலை கடல் ஏறியது.

எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை சில மைல். சத்தம் கேட்கவில்லை. முதலில் தெரிந்தது றோட்டில் ஓடிவந்த ஆட்கள்தான். பிறகு உழவு இயந்திரங்கள், பெட்டி நிறைய ஆட்கள், நனைந்த உடுப்பு, உடம்பெல்லாம் சேறு. பள்ளிக்கூடம் விடுமுறையில் பூட்டிக் கிடந்தது. அதிபர் வந்து திறப்பதற்கு முன் யாரோ பூட்டை உடைத்திருந்தார்கள். நாங்கள் ஆசிரியர்கள் சில பேர் போய் வாங்கில்களை வெளியே தூக்கிப் போட்டு அறைகளை ஒதுக்கினோம். பின்னேரமாவதற்குள் பள்ளிக்கூடம் நிறைந்துவிட்டது. அந்த நாட்களைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள். நான் இங்கே லைற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

காயங்களைக் கட்டுவதற்கு ஐந்தாம் வகுப்பு அறையை ஒதுக்கியிருந்தார்கள். ஒரு மருத்துவ மாதுவும் இரண்டு தொண்டர்களும் இருந்தார்கள். தகரம் வெட்டின காயம், முள்ளுக்கம்பி கிழித்த காயம். பொழுது சாய்ந்ததும் லாம்பு வெளிச்சத்தில் அவர்களால் காயத்துக்குள் மண் இருக்கிறதா என்று பார்க்க முடியவில்லை. இன்னொரு பிரச்சினையும் இருந்தது. கரையிலிருந்து வந்த ஆட்கள் இருட்டறைக்குள் போகப் பயந்தார்கள். ஒரு தாய் கைக்குழந்தையோடு மழைத் தூறலில் முற்றத்தில் நின்றா. உள்ளே வாங்கோ என்று நான் கையைப் பிடித்தேன். "உள்ளுக்குத் தண்ணி நிக்குதோ எண்டு தெரியேல்லை ரீச்சர்," என்றா. தரை காய்ந்துதான் இருந்தது. அவவுக்கு அதைக் காட்ட என்னிடம் வெளிச்சம் இல்லை.

அடுத்த நாள் காலை நான் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். என் கணவர் குசினி வாசலில் நின்று அரிசி அளந்து சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார், பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக. நான் சொல்லி முடித்ததும் கூரையைப் பார்த்தார். சாக்கின் வாயைக் கட்டி வைத்தார். பிறகு நானா கடைக்குப் போய் ஸ்பனர் செற்றோடும் ஏணியோடும் அவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஏறினதும் என் கணவர்தான், ஆணிகளைக் கழற்றினதும் அவர்தான். நானா கீழே நின்று தகட்டை ஏந்தி வாங்கினார்.

"மனேச்சர், கடிதத்தில கழட்டக் கூடாதெண்டு கிடந்தது," என்றார் நானா. தடுப்பதற்காக அல்ல, ஞாபகப்படுத்துவதற்காக.

"தெரியும்," என்றார் அவர். "பிடியுங்கோ, கவனம், மூலை முட்டும்."

மத்தியானத்துக்குள் தகடு பள்ளிக்கூடக் கூரையில் இருந்தது. வெயில் வந்துவிட்டிருந்தது. ரியூப் லைற்றை ஐந்தாம் வகுப்பு அறையில் வாய்பாட்டு மட்டைக்கு மேலே கட்டினோம். பொழுதுபடப் போட்டதும் பக்கத்து அறைகளில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து அந்த வாசலுக்கு வந்துவிட்டார்கள். மருந்து கட்டவே இடமில்லாமல் போயிற்று. மருத்துவ மாது சத்தம் போட்டு எல்லாரையும் வெளியே அனுப்பினா. அவர்கள் வாசல் வெளிச்சம் விழுகிற அளவுக்கு முற்றத்தில் பாய் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். அந்தத் தாயும் இருந்தா. கொஞ்ச நாட்களில் அது வழக்கமாகிவிட்டது. சாப்பாடும் அங்கேதான், பிள்ளைகளின் தலையில் பேன் பார்ப்பதும் அங்கேதான், ஆட்களைத் தேடிவருகிறவர்கள் விசாரிப்பதும் அங்கேதான். வீட்டில் நாங்கள் ஜாம் போத்தல் விளக்கைத் தேடி எடுத்தோம்.

உத்தியோகத்தர் மாசி மாதக் கடைசியில் வந்தார். ஒரு வருடத்துக்கு மேலாக வராத ஆள். மோட்டார் சைக்கிளில், தோளில் பையோடு, வெயிலிலும் மழைக்கோட்டைக் கழற்றாமல் வந்தார். வவுனியாத் தமிழ் ஆள், நடுத்தர வயது. றோட்டில் நின்று கம்பத்தைப் பார்த்தார், பாகல் கொடியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கூரையில் இரும்புப் பட்டங்கள் மட்டும் இருந்தன.

"தகடு எங்க?"

என் கணவர் சொன்னார். உத்தியோகத்தர் கேட்டுவிட்டுப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "கூட்டிக்கொண்டு போங்கோ," என்றார்.

பள்ளிக்கூட முற்றத்தில் அவரைச் சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். லைற்றைக் கழற்றிக்கொண்டு போகத்தான் கந்தோரிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று ஒரு கதை பரவிவிட்டது. ஒரு அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றா. நான் விளங்கப்படுத்தின பிறகுதான் விட்டா. உத்தியோகத்தர் ஏறிப்போய்த் தகட்டின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்து இலக்கத்தை வாசித்தார். இறங்கி வந்து தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"இலக்கம் சரி. உங்கட தகடுதான்."

"அப்ப சரிதானே?" என்றேன் நான்.

"ரீச்சர், தகடு விண்ணப்பகாரற்ற வீட்டில பூட்டியிருக்கோ எண்டுதான் இதில கேட்டிருக்கு. ஓம் அல்லது இல்லை. வேற எழுத இடமில்லை."

"நீங்கள் கண்ணால பாக்கிறீங்கள்தானே, எங்க இருக்கு, என்னத்துக்கு இருக்கெண்டு?"

"பாக்கிறன்," என்றார். "பாத்ததை நான் எழுத ஏலாது. கேட்டதைத்தான் எழுதலாம்."

எழுதினார். நான் அவருடைய பேனா நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இல்லை என்றுதான் எழுதினார்.

பையை மூடினவர் போகவில்லை. தயங்கி நின்றுவிட்டு மெதுவாகக் கேட்டார்: "ரீச்சர், இஞ்ச கள்ளப்பாட்டு ஆக்கள் இருக்கினமோ?"

கள்ளப்பாடு கடல் வாரிக்கொண்டு போன கரையோர ஊர். இருக்கிறார்கள் என்றேன். அவருடைய மனைவியின் தாயின் தங்கை அங்கே இருந்தவ. அவவும் ஒரு மகளும். இரண்டு மாதமாகத் தகவல் இல்லை. மனைவி வவுனியாவில் சாப்பிடாமல் கிடக்கிறா. இந்தப் பக்கத்து வேலை எதுவும் எடுக்க ஆளில்லாமல் கிடந்தது, தான் கேட்டு எடுத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார். எங்கள் விண்ணப்பம் ஒரு வருடத்துக்குப் பிறகு திடீரென்று அசைந்ததற்குக் காரணம் அதுதான்.

நானும் என் கணவரும் அவரை அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போனோம். மழைக்கோட்டை அப்போதுதான் கழற்றினார். கடைசி அறையில் ஒரு கிழவர், அந்த மகள் புதுக்குடியிருப்பு முகாமில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்றார். தாயைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை. உத்தியோகத்தர் அந்த நிமிடமே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு புதுக்குடியிருப்புக்குப் போய்விட்டார். மழைக்கோட்டை வாங்கிலில் விட்டுவிட்டுப் போனதை நாங்கள் பிறகுதான் கண்டோம்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. "அந்தாளுக்கு நாங்கள் சொந்தக்காரரைத் தேடிக் குடுத்தம். அந்தாள் ஒரு ஓம் எழுதேல்லை."

என் கணவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "இல்லாததை எழுதேல்லை. அவ்வளவுதானே," என்றார்.

"உங்களுக்குக் கோவம் வரேல்லையோ?"

"எனக்காக அவர் ஒண்டை மாத்தி எழுதினா, நாளைக்கு வேற ஆருக்காகவும் மாத்தி எழுதுவார். பிறகு அந்தக் கந்தோரால எனக்கென்ன பிரியோசனம்?"

"உங்களுக்கு மானியம் வேணுமோ, கந்தோர் வேணுமோ?"

அவர் கழற்றின செருப்பை நேராக்கி வைத்தார். யோசித்தார் என்று நினைக்கிறேன். அன்றைக்கு நான் அவரோடு வேறெதுவும் கதைக்கவில்லை. அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் அந்த லைற்றின் கீழே ஒரு பிள்ளைக்குக் காது குத்தினார்கள். ஆட்கள் சிரிப்பதை முகாமில் அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். வீட்டுக்கு வந்து அதை அவரிடம் சொன்னேன். அப்படி அந்தச் சண்டை முடிந்தது.

அந்த வருடக் கடைசியில் முகாமை எடுத்து ஆட்களைத் தற்காலிக வீடுகளுக்கு மாற்றினார்கள். தகடு எங்கள் கூரைக்குத் திரும்பி வந்தது. ஒரு மூலையில் கீறல் விழுந்திருந்தது. என் கணவர் புதிதாக ஒரு விண்ணப்பம் எழுதினார். பழைய கடிதங்களின் பிரதி, விதானையாரின் புதுக் கடிதம், முகாமுக்குக் கொடுத்திருந்ததற்குப் பள்ளிக்கூட அதிபரின் கடிதம் எல்லாம் வைத்து அனுப்பினார். நான் பேசாமல் இருந்தேன். பேசினால் என்ன, அவர் எழுதத்தான் போகிறார்.

இந்த முறை அதே உத்தியோகத்தர் அதிகம் சுணங்காமல் வந்தார். நான் மழைக்கோட்டைத் தோய்த்து மடித்து வைத்திருந்தேன், கொடுத்தேன். வெட்கப்பட்டு வாங்கினார். கூரையில் ஏறி, இலக்கம் பார்த்து, ஓம் என்று எழுதினார். எழுதின பிறகு என் கணவர் கேட்டார்: "அண்டைக்குப் போனீங்கள், ஆக்களைக் கண்டீங்களோ?"

"மகள் இருக்கிறா," என்றார். "எங்களோடதான் இப்ப. தாய் இல்லை."

நான் சோறு போட்டேன். பாகற்காய்க் குழம்பு. இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

கடைசிக் கடிதம் அடுத்த வருட நடுப்பகுதியில் வந்தது. அப்போது நிலைமை மறுபடி கெட்டுக்கொண்டிருந்தது. கிளேமோர்க் கண்ணிவெடி, ஆள் கடத்துகிற வெள்ளை வான் என்று தினமும் ஒரு கதை. பள்ளிக்கூடத்தில் பதுங்குகுழி வெட்டத் தொடங்கியிருந்தோம். என் கணவர் கடிதத்தைப் பிரிக்காமலே நானாவிடம் கொண்டுபோனார். நானும் போனேன். நானா கைகளைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். வாசித்தார். மறுபடி வாசித்தார்.

"கிடைச்சிட்டு மனேச்சர்," என்றார். "மானியம் அனுமதிச்சாச்சு."

என் கணவர் நானாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்படி ஒரு காரியத்தை அவர் செய்து நான் பார்த்ததில்லை.

"பொறுங்க," என்றார் நானா. "காசாத் தரமாட்டாங்க. உங்கட கறண்ட் கணக்கில வரவு வைப்பாங்களாம். மாசாமாசம் வாற கறண்ட் பில்லில கழிச்சுக் கழிச்சு விடுவாங்களாம்."

சந்தியில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"கறண்ட் கணக்கு எங்களிட்ட இல்லையே," என்றேன் நான்.

"ஓம். இல்லாதபடியாத்தானே மானியம் தந்தவங்க," என்றார் நானா. அவருடைய உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சிரிக்கத் தொடங்கினார். எனக்கும் வந்துவிட்டது. கல்லாப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணீர் வந்தது. என் கணவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கடிதத்தை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார், வாசிக்கத் தெரியாத எழுத்தை. பிறகு அவரும் சிரித்தார், ஆனால் எங்களை விடக் கொஞ்சமாக.

"வயர் வந்தாக் கழிப்பினம்தானே," என்றார். "அனுமதிச்சது அனுமதிச்சதுதான்."

அந்த ஆவணி மாதம் பாதையைப் பூட்டினார்கள். நானா அதற்குச் சில நாட்கள் முன்பு பிள்ளைகளைப் பார்க்கப் புத்தளத்துக்குப் போயிருந்தார். திரும்ப வர முடியவில்லை. கடையின் திறப்புக் கொத்து எங்களிடம் இருந்தது. அவர் சொல்லிவிட்டுப் போனபடி சாமான்களை விற்றுக்கொண்டிருந்தோம். பிறகு ஆணிகூட வராமல் போனதால் விற்க ஒன்றும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவற்றை நான் இங்கே சொல்லப்போவதில்லை. சண்டையில் ஊரை விட்டு எழும்பினபோது தகட்டைத் தருமபுரம் வரைக்கும் கொண்டுபோனோம். அங்கிருந்து எழும்பும்போது உழவு இயந்திரத்தில் இடமிருக்கவில்லை. பக்கத்துத் தறப்பாள் கொட்டிலில் இருந்த குடும்பத்திடம் கொடுத்தோம். அவர்கள் இரண்டு நாள் கழித்து எழும்பினார்கள், அவர்களும் விட்டுவிட்டுத்தான் வந்தார்கள் என்று கேள்வி.

சண்டை முடிந்து எங்களை அடைத்து வைத்த செட்டிகுளம் முகாமில் கறண்ட் இருந்தது. வேலியோரம் முழுக்கப் புதுக் கம்பங்கள், அதில் வயர், பெரிய பெரிய லைற்றுகள். ஒரு நாள் காலை லைற் திருத்த ஒரு கூட்டம் வந்தது. மேற்பார்வைக்கு வந்தவர் தமிழ் ஆள். என் கணவர் வேலியடிக்குப் போய் அவரோடு கதைத்துக்கொண்டு நிற்பதைத் தண்ணீர் வரிசையில் நின்றபடி நான் பார்த்தேன். மெலிந்துபோயிருந்தார். சாரத்தைக் கயிற்றால் கட்டியிருந்தார். கைகளை அசைத்து விளங்கப்படுத்தினார். மற்றவர் தலையாட்டிக் கேட்டார். நக்கலடிப்பாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

அவர் திரும்பி வந்து என்னுடைய தண்ணீர்க் கானை வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றார்.

"என்ன சொன்னவர்?"

"அந்த மானியம் ஆளுக்குத் தந்ததில்லையாம். வீட்டு விலாசத்துக்குத் தந்ததாம். அந்த விலாசத்தில இணைப்பு எடுத்தாத்தான் செல்லுமாம். வீடு நிக்குதோ எண்டு கேட்டவர். தெரியாதெண்டன்."

மார்கழியில் எங்களை வெளியே விட்டார்கள். முள்ளியவளைக்குப் போக அனுமதி இல்லை. வவுனியாவில் ஒரு வீட்டின் பின்பக்க அறையை வாடகைக்கு எடுத்தோம். அவருக்கு அரிசி மில் ஒன்றில் மேற்பார்வை வேலை கிடைத்தது. மின்சாரக் கந்தோர் அவர் போகிற வழியில்தான். இந்த அறைக்கே ஒரு இணைப்பு எடுத்து அந்த வரவை மாற்றித் தரச்சொல்லிக் கேட்டால் என்ன என்று நான் ஒருநாள் கேட்டேன். அவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"மாத்தினா அந்த விலாசத்தை வெட்டிப் போடுவாங்கள்," என்றார். "அது அங்க கிடக்கட்டும்."

பம்பைக் கழற்றிச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு, வரும்போது மரக்கறி என்ன வாங்குவது என்று கேட்டார்.